மணலில் எழுதிப் பழகிய சீகன்பால்கு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



ஒரு வேற்று மொழியைக் கற்க என்னென்ன வேண்டும்? நம் கம்யூனிகேஷன் லேபுக்குள் நுழைந்தால் வரிசையாகக் கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெட்போன், சுவரில் ப்ரொஜெக்டர் திரை எல்லாம் இருக்கின்றன. போதாததற்குக் கையில் செல்போன் வேறு. எந்த நாட்டு மொழியைக் கேட்டாலும் நொடியில் மொழிபெயர்த்துத் தருகிறது. இவ்வளவு இருந்தும், எழுந்து நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னால் நம்மில் பலருக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மெஷினோடு வேலை செய்யப் போகிறவனுக்கு மொழி எதற்கு என்று கேட்கிற நண்பர்களும் உண்டு. அந்த நண்பர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டரும் ஹெட்போனும் இல்லாமல், ஒரு பிடி மணலையும் ஒரு கட்டு ஓலையையும் வைத்துக்கொண்டு தமிழைக் கற்றுத் தேர்ந்த ஓர் அந்நியரின் வாழ்க்கையை இங்கே சொல்லப் போகிறேன். அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

அதற்கு முன் நம்ம ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... இந்தத் தோல் பூமியில் எந்தத் தோல் ஷாப்பு வாசலில் ஐந்து நிமிஷம் நின்றாலும் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் காதில் விழும். ஷூ அடுக்கும் அட்டைப் பெட்டியின் மேல் ஜெர்மன் இருக்கும், இத்தாலியும் இருக்கும். எங்க அப்பா தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர். மூன்று மொழியும் சரளமாகப் பேசுவார். ஒன்றில்கூட எழுதப் படிக்கத் தெரியாது. எங்க அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். அவர் தைத்த ஷூ எந்த நாட்டுக்குப் போகிறது என்பது பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் அதைப் படிக்க அவரால் முடியாது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் மொழி என்பது எனக்கு வெறும் மார்க் வாங்குகிற பாடமாகத் தெரியவில்லை. தெரிந்தவன் கைக்குப் பேரமும், தெரியாதவன் கைக்குக் கூலியும் போய்ச் சேருகிற விஷயமாகத் தெரிகிறது.

ஜெர்மனியிலிருந்து தரங்கம்பாடிக்கு

சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஜெர்மனியில் சாக்சனி நாட்டைச் சேர்ந்த புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் தானிய வியாபாரி. சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தார். உடம்பும் அவ்வளவு திடமான உடம்பல்ல. அடிக்கடி நோயில் விழுவார். ஹாலே என்ற நகரில் பிராங்கே என்னும் கல்வியாளரின் கீழ் படித்தார். அநாதைப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் பெரிய பள்ளிக்கூடங்களை நடத்திப் புகழ் பெற்றவர் அந்தப் பிராங்கே.

அந்தக் காலத்தில் சோழ நாட்டுக் கடற்கரையில் இருக்கும் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் வசம் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து 1620-ல் அவர்கள் அந்த இடத்தைப் பெற்று, டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டி, வியாபாரம் நடத்தி வந்தார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அங்கே மதபோதகர்களை அனுப்ப விரும்பினார். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சீகன்பால்கும் அவருடைய நண்பர் ஹென்ரிக் ப்ளூட்சாவும். 1705 நவம்பர் இறுதியில் கப்பல் ஏறினார்கள். ஏழு மாதத்துக்கு மேல் கடலிலேயே கழித்து, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். அப்போது சீகன்பால்குக்கு 24 வயது நிறைய ஒரு நாள்தான் பாக்கி. நம்மைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர்!

வந்து இறங்கியதும் வரவேற்பு ஒன்றும் கிடைக்கவில்லை. கோட்டையை ஆண்ட டேனிஷ் கம்பெனி அதிகாரிகளுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. ஊர் மக்களின் பேச்சோ இவர்களுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. கடற்கரை வியாபாரத்தில் அன்று பொதுவாக வழங்கியது போர்த்துக்கீசிய மொழி. இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ப்ளூட்சாவ் போர்த்துக்கீசியத்தை எடுத்துக்கொள்ள, சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார்.

அரிச்சுவடி வகுப்பில் 24 வயது மாணவன்

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. அன்றைக்கு ஐரோப்பியர்களுக்குத் தமிழ் கற்பிக்கப் பள்ளிக்கூடம் ஏதும் அங்கே இல்லை. சீகன்பால்கு என்ன செய்தார் தெரியுமா? எழுபது வயதான ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைக் கண்டுபிடித்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் அ, ஆ எழுதினால் இவரும் எழுதுவார். அவர்கள் உரக்கச் சொன்னால் இவரும் உரக்கச் சொல்லுவார். பல்கலைக்கழகம் பார்த்து வந்த வெள்ளைக்காரர் ஐந்து வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியிருக்கிறார் என்றால், அவர் வெட்கத்தை எங்கே கழற்றி வைத்தார் என்று சிந்தித்துப் பாருங்கள்!

மணல் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஓலையும் எழுத்தாணியும் கற்றுக்குட்டியின் கைக்கு உடனே வராது. மணலில் தப்பாக எழுதினால் கையால் தடவி அழித்துவிடலாம், காசும் செலவில்லை, விரலுக்கு எழுத்தின் வளைவும் நெளிவும் பழகிப் போகும். பிற்பாடு, 1790-களில், சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர் நம் திண்ணைப் பள்ளிகளில் இந்த மணல் முறையைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797-ல் அது பற்றிப் புத்தகமும் போட்டார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தோடு சேர்ந்து அது மதராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது. நம் திண்ணையிலிருந்து ஏற்றுமதியான வகுப்பறைத் தொழில்நுட்பம் அது!

எழுத்து தெரிந்தால் மட்டும் ஓலை படிக்க முடியாது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்து போகும் என்பதால் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். க என்பதும் க் என்பதும் ஒரே மாதிரி இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் இடைவெளியும் இராது. மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். ஆகவே சீகன்பால்கு ஆள் தேடினார். அழகப்பன் என்ற தமிழர் கிடைத்தார். போர்த்துக்கீசியம் முதலிய ஐரோப்பிய மொழிகளைப் பேசத் தெரிந்த துபாஷி அவர். அவரைப் பேச விட்டுக் கேட்டார்; கேட்டதைத் திருப்பிச் சொன்னார்.

ஒரு நாளைய டைம்டேபிள்

அவர் எப்படிப் படித்தார் என்பதைத் தம் கடிதங்களில் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். காலை ஏழு முதல் எட்டு மணி வரை முன்பு எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பப் படிப்பார். எட்டு முதல் பன்னிரண்டு வரை புதிய தமிழ் நூல். பக்கத்தில் ஒரு முதிய புலவர், ஒரு எழுத்தர். புரியாத இடத்தைப் புலவர் விளக்குவார். புதிய சொல்லை எழுத்தர் குறித்துக்கொள்வார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மறுபடியும் படிப்பு. இரவு ஏழு முதல் எட்டு வரை கண்ணுக்கு ஓய்வு. வேறொருவர் நூலைப் படிக்க, இவர் கேட்டுக்கொண்டே இருப்பார். பேச்சிலும் எழுத்திலும் எந்த ஆசிரியரின் நடையைப் பின்பற்றலாமோ அவருடைய நூலையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லுவார்.

நண்பர்களே, இதைத்தானே இன்றைக்கு லிசனிங் ப்ராக்டிஸ் என்று ஹெட்போன் மாட்டிச் செய்கிறோம்? கருவி மாறியிருக்கிறது, கேட்டு, திருப்பிச் சொல்லி, குறித்து வைக்கிற வழி மாறவில்லை. இரண்டே வருஷத்தில் அவருடைய சொற்பட்டியல் 20,000 சொற்களை எட்டியது. கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்றையும் 1708-லேயே ஜெர்மன் மொழிக்கு மாற்றினார். அதே ஆண்டில் தாம் சேகரித்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலும் எழுதினார். நாம் ஆரம்பப் பள்ளியில் மனப்பாடம் செய்த நீதி நூல்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஜெர்மனி வரை போயிருக்கின்றன!

கேள்வி கேட்டுக் கடிதம் எழுதினார்

சொல் தெரிந்தால் போதாது, அந்தச் சொல்லைப் பேசுகிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு அவர் கண்ட வழி அருமையானது. படித்த தமிழர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய வழிபாடு, கல்யாணம், வைத்தியம், படிப்பு, பழக்கவழக்கம் என்று கேள்விகள் கேட்டார். வந்த பதில்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து அனுப்பினார். அப்படி 99 கடிதங்கள் ஹாலே நகரில் 1714 முதல் அச்சாகி வெளிவந்தன. அவற்றுள் பலவற்றை எழுதியவர் அழகப்பன்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எப்படியானாலும், தமிழர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதை ஐரோப்பியர்கள் படிக்க முடிந்தது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. சீகன்பால்கு மதம் பரப்ப வந்தவர்தான். இந்த நாட்டு வழிபாட்டைத் தவறு என்று எண்ணியவர்தான். அப்படியே எழுதியும் இருக்கிறார். ஆனால் கேட்கக் கேட்க, தமிழர்களின் கல்வியும் ஒழுக்கமும் அவரை வியக்க வைத்தன. இவர்களை நாகரிகமற்றவர்கள் என்று ஐரோப்பாவில் நினைப்பது தவறு என்று எடுத்துச் சொன்னார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே என்ன நடந்தது? அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். அந்த மதத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதைப் பற்றியே புத்தகம் எழுதுவதா என்பது பிராங்கேயின் எண்ணம். அந்த நூல் 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. அதாவது 154 வருஷம் காத்துக் கிடந்தது. பிறர் பண்பாட்டை அறிந்துகொள்ள முயல்கிறவனுக்குச் சொந்த வீட்டிலேயே எதிர்ப்பு வரும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

கோட்டையிலும் எதிர்ப்புக் குறையவில்லை. ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் அவள் பக்கம் பேசப் போய், தளபதி ஹாசியுஸின் கோபத்துக்கு ஆளானார். 1708 நவம்பரில் கைது செய்யப்பட்டு நான்கு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினார்.

ஈயத்தில் வார்த்த தமிழ்

இப்போது நம் ஒர்க்ஷாப் சம்பந்தப்பட்ட செய்திக்கு வருகிறேன். தமிழில் முதலில் அச்சிட்டவர் சீகன்பால்கு என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சிகள் நின்று போயிருந்தன. மறுபடியும் தொடங்கி நிலைக்க வைத்தது தரங்கம்பாடி.

லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஒரு அச்சு இயந்திரத்தை அனுப்பி வைத்தது. வழியில் பிரேசில் நாட்டுப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். இயந்திரம் எப்படியோ தப்பியது. கூட வந்த அச்சுத் தொழிலாளி கடற்பயணத்திலேயே இறந்து போனார். 1712-ல் இயந்திரம் வந்து சேர்ந்தபோது அதை ஓட்ட ஆள் இல்லை. கடைசியில் அச்சு வேலை தெரிந்த ஒரு சிப்பாயைக் கோட்டையிலேயே கண்டுபிடித்தார்கள்! முதலில் போர்த்துக்கீசியப் புத்தகங்கள் அச்சாயின. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் தயாராகி 1713-ல் வந்தன.

எழுத்து வார்ப்பது எப்படி என்று நம் ஃபவுண்டரி பாஷையில் சொன்னால் எளிதில் விளங்கும். எஃகுக் கம்பியின் முனையில் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போலச் செதுக்கிப் பதம் போடுவார்கள். அதைச் செம்புத் துண்டின் மேல் வைத்து அடித்தால் எழுத்து பள்ளமாக விழும். அந்தச் செம்பை மோல்டில் பொருத்தி, உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால் ஒரு எழுத்து கிடைக்கும். அதே மோல்டில் எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். ஆங்கிலத்துக்கு 26 எழுத்தில் பெரியது சிறியது இரண்டு வகை செய்தால் ஏறக்குறைய முடிந்தது. தமிழுக்கோ கி, கீ, கு, கூ என்று தனித்தனி உருவங்கள் எத்தனை! தமிழ் பேசத் தெரியாத ஜெர்மன் தொழிலாளர்கள் இங்கிருந்து அனுப்பிய மாதிரியைப் பார்த்தே அவற்றைச் செதுக்கினார்கள்.

வந்த எழுத்துகள் அளவில் பெரியவை. காகிதத்தை விழுங்கின. காகிதமோ கப்பலில் வர வேண்டும். எனவே ஹாலேயிலிருந்து வந்த ஆட்லர் என்ற அச்சுக் கலைஞர் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். பக்கத்து ஊரான பொறையாறில் காகிதம் செய்யவும் முயன்றார்கள். மையும் இங்கேயே தயாரித்தார்கள். புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பை அச்சிடும் வேலை 1714-ல் தொடங்கி, 1715-ல் முழுவதும் அச்சாகி வெளிவந்தது.

இதில் வகுப்பறைக்கு என்ன லாபம்? ஓலைச் சுவடி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது பேருக்கும் ஒரே பக்கம் கையில் இராது. அச்சு வந்த பிறகு அது முடிந்தது. வாத்தியார் ஒரு வரியைச் சொன்னால், கடைசி வரிசைப் பையனும் அதே வரியில் விரல் வைக்கலாம். ப்ரொஜெக்டர் திரைக்கு அதுதான் பாட்டனார்!

சீகன்பால்கும் ப்ளூட்சாவும் பள்ளிக்கூடங்களும் நடத்தினார்கள். தமிழ்ப் பள்ளி, போர்த்துக்கீசியப் பள்ளி, டேனிஷ் பள்ளி என்று தனித்தனியாக இருந்தன. 1707-லேயே பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பிற்பாடு, 1716-ல், உள்ளூர் இளைஞர்களை ஆசிரியர்களாகப் பழக்கும் பள்ளியும் வந்தது.

கப்பலில் எழுதிய இலக்கணம்

1714-ல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். தமிழ் மறந்துவிடக் கூடாதே என்று மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துப் போனார். கப்பலிலேயே லத்தீன் மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1716-ல் ஹாலேயில் தமிழ் எழுத்துகளோடு அச்சானது. அதில் அவர் புலவர்களின் செய்யுள் தமிழைவிட, மக்கள் பேசுகிற தமிழுக்கே இடம் கொடுத்தார். மொழி கற்க வருகிறவனுக்கு முதலில் தேவை தெருவில் வழங்கும் பேச்சு என்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார்.

மரியா டொரோதியா என்ற அம்மையாரை மணந்துகொண்டு 1716-ல் திரும்பி வந்தார். ஆனால் உடல்நலம் கெட்டது. கோபன்ஹேகனில் இருந்த மேலிடத்தார் அவருடைய வேலை முறையையே குறை கூறி எழுதிய கடிதங்கள் அவர் மனதை உடைத்தன. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே காலமானார். தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு பாதியிலே நின்றது. பெஞ்சமின் சூல்ட்சே அதை முடித்தார். பின்னால் வந்த ஃபப்ரிசியஸ் 1779-ல் வேப்பேரியில் தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்டார். ஒருவர் தொட்ட வேலையை அடுத்தவர் தொடர்ந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

சீகன்பால்கின் பெயர் நிலைத்துவிட்டது. அவரை மணலில் உட்கார வைத்த எழுபது வயதுக் கிழவரோ வாத்தியார் என்ற ஒரே சொல்லோடு வரலாற்றில் நிற்கிறார். புலவரும் எழுத்தரும் அப்படியே. நூலில் ஏறியவை சொற்கள்; அவற்றைச் சொன்ன வாய்கள் ஏறவில்லை. இதைப் படித்தபோது எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது. ஆட்டுத் தோல், மாட்டுத் தோல், சுண்ணாம்புக் குழி, டிரம், சாயம் என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று மொழியிலும் அவரிடம் சொல் இருக்கிறது. நம் தோல் ஷாப்புகளில் அப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் எழுத்தில்லாத அகராதிகள். அவர்கள் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் அந்தச் சொற்களும் கூடவே போய்விடும்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வழங்கும் சொற்களை நாம் தொகுக்க வேண்டும். தமிழ், உருது, தெலுங்கு மூன்றையும் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் கேட்டு எழுதலாம். ஆங்கிலத்தையும் ஜெர்மனையும் இத்தாலியையும் லேபில் உள்ள கம்ப்யூட்டரில் தேடி எதிரே எழுதலாம். உச்சரிப்பைச் செல்போனில் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டுப் பழகலாம். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மிக முக்கியமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவரின் பெயரை எழுத வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் நாளைக்கு வெளிநாட்டு வியாபாரி முன் நிற்கும்போது நம் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. வந்தவர் நம் மொழியைக் கற்கத் தரையில் உட்கார்ந்தார். அவர்கள் மொழியைக் கற்க நாற்காலியில் உட்காரவா நமக்கு வெட்கம்?

கேட்போம்! சொல்லிப் பழகுவோம்! எழுதி வைப்போம்! முதல் பக்கத்தில் எங்க அப்பா பெயரை எழுத நான் தயார். உங்கள் வீட்டிலிருந்து யார் பெயர் நண்பர்களே?